கம்பெனிக்கு அளவெடுத்தது

“எட்டு மணி வரைக்கும் என்கிட்ட யாரும் பேசாதீங்க. நான் அனுமதி குடுத்துட்டு இருக்கேன்.”

லூ முதலாளி தினமும் ஏழரைக்கு வருவார். பொரித்த மாவுக்குச்சியைச் சோயாப்பாலில் தோய்த்துத் தின்பார். விரல்களைத் துடைத்துக்கொண்டு மேசைமேல் இருக்கும் பெரிய திரைக்கு முன்னால் உட்காருவார். ஆர்டர்கள் ஒவ்வொன்றாக வரும். பிடித்தால் பச்சைப் பொத்தான். பிடிக்காவிட்டால் சிவப்பு. எட்டு மணிக்குத் தேநீர்.

அன்று பக்கத்தில் ஷி உட்கார்ந்திருந்தார். சீனாவின் சோங்ஷியா ஊரில் தெருவுக்குத் தெரு குடைக் கம்பெனி. இந்தத் தெருவில் இருப்பது லூவினுடையது, அடுத்த தெருவில் இருப்பது ஷியினுடையது.

“இதப் பாரு, சாம்பல் நிறக் கைப்பிடி. எனக்குப் பிடிக்கல.” லூ சிவப்பை அமுக்கினார். “முடிஞ்சுது. முன்னெல்லாம் தையல்காரங்ககிட்ட போய்த் தொண்டை கிழியக் கத்தணும்.”

“நீ கத்துவ, அவங்க தைச்சதைப் பிரிப்பாங்க, கப்பல் போயிடும். ஊருக்கே தெரியும்.”

“ஆறு மாசமா ஒரு பெட்டிகூடத் தாமதமில்ல. அதுவும் ஊருக்குத் தெரியுமா?”

தெரியும். ஷி வந்ததே அதனால்தான். அவருடைய சிலி நாட்டு வாடிக்கையாளர் இரண்டு முறை பொறுத்துக்கொண்டார். இந்த முறையும் குடைகள் தாமதமானால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

“நானும் போன வருஷம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன்” என்றார் ஷி. “ஒருத்தனும் தொடல. எதுவா இருந்தாலும் என்கிட்டயே வந்து நிக்கறாங்க.”

“நீ விட்டாத்தானே. குடைக்கம்பி வளைக்கிறவன் தும்மினாக்கூட, எப்படித் தும்மணும்னு நீ சொல்லிக் குடுப்ப.”

“யாரு, நீ சொல்றியா இதை?”

ஹாங்சோவிலிருந்து மாதம் ஒருமுறை வந்து கணினிகளைச் சரிபார்க்கும் பாங் என்ற இளைஞன் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

“நீங்க கடையில தொங்கற சட்டையை வாங்கிட்டீங்க, ஷி முதலாளி. கம்பெனியோட வியாபார உத்தி என்னன்னு முதல்ல கேக்கணும். அப்புறம் அதுக்கு அளவெடுத்துத் தைக்கணும்.”

“இவன் கம்பெனிக்கு என்னப்பா உத்தி?”

“வேகம், தரம், நம்பிக்கை” என்றார் லூ, பச்சையை அமுக்கியபடியே.

பாங் குனிந்து கணினி வயரைச் சரிசெய்தான். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த லூவின் மனைவி மெய்ஃபென், ஏற்கெனவே நிறைந்திருந்த அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

ஷி ஜன்னல் வழியாகப் பார்த்தார். “அண்ணி, லாரியில சாம்பல் கைப்பிடிக் குடையா ஏத்தறாங்க?”

“அது பழைய ஆர்டர்” என்றாள் மெய்ஃபென்.

“இருக்கும், இருக்கும்” என்றார் லூ.

ஷி எழுந்தார். “அண்ணி, எனக்கும் இதேதான் வேணும். இதே திரை, இதே பட்டன். அச்சு அசலா இருக்கணும்.”

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்க வேணாமா?”

“அவளைக் கேக்க என்ன இருக்கு? அவ பெட்டி கட்டற வேலையைப் பாக்கறா. முதலாளி நான்தானே.”

“அது சரி” என்றாள் மெய்ஃபென்.

முதலாளிகள் இருவரும் சிகரெட் பிடிக்க வெளியே போனார்கள். வாசலில் நின்றுகொண்டு லாரிக்காரனுக்குப் பெட்டி அடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி அடுக்கினான்.

பாங் குரலைத் தாழ்த்தினான். “முதலாளியம்மா, இவருக்கும் அதே மாதிரி பண்ணிடவா? நாளைக்கு அவர் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா வம்பாயிடாதா?”

மெய்ஃபென் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அவரை இங்க அனுப்பினதே அவங்கதான், தம்பி. அவங்க உத்தியும் என்னோட உத்திதான், முதலாளி கை எதுலயும் படக்கூடாது. அதனால எங்க வீட்டுக்காரருக்கு வச்ச மாதிரியே பட்டன் ரெண்டையும் நல்லாப் பெருசா வை, தொழிற்கூடத்துக் கணினியோட மட்டும் இணைச்சுடாத.”