பச்சைப் புள்ளி

தாவீதின் புள்ளி திரையில் இன்னும் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்த பிரின்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புருஷன் கசடு அள்ளக் குழிக்குள் இறங்கியிருக்கிறான். இறங்குகிறவன் சட்டையில், காற்றைச் சோதித்து வயர் இல்லாமலே திரைக்குச் சொல்லும் ஒரு மீட்டர் இருக்கும். நல்ல காற்று என்றால் அது பச்சை காட்டும், விஷவாயு என்றால் சிவப்பு. சாம்பல் என்றால் அது இன்னும் வாயே திறக்கவில்லை என்று அர்த்தம்.

ஆலையில் இன்று ஆயுத பூஜை. எல்லோரும் கேண்டீனில். வேதக்காரர்களுக்குத்தான் பூஜை இல்லையே என்று பெரிய மனசு பண்ணி, தாவீதைக் குழிக்கும் பிரின்சியைத் திரைக்கும் அனுப்பியிருந்தார் மேனேஜர். மத நல்லிணக்கம் என்றால் அப்படி ஒரு நல்லிணக்கம்.

மீட்டர்களை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் விமல், லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே விளக்கம் சொன்னான். மீட்டர்கள் ரொம்ப நாகரிகமானவையாம். இன்னொன்று பேசினால் குறுக்கே பேசாதாம், பொறுத்திருந்து பேசுமாம். ஆலை முழுக்கச் சிதறியிருக்கும்வரை எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கும். இன்று என்னவோ அத்தனையும் ஒரே இடத்தில் குழாயடிச் சண்டை போடுகின்றன, ஏன் என்றுதான் புரியவில்லை என்றான். புரியாததைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறான்!

“மத்ததெல்லாம் கெடக்கட்டும் சார். எங்கூட்டுக்காரருது மட்டும் இன்னான்னு பாருங்க.”

முறை வந்தால்தான் வரும் என்றான் விமல். ரேஷன் கடையில்கூட அவசரம் என்றால் முன்னால் விடுவார்கள்.

புள்ளி சட்டென்று மாறியது. பச்சை.

பிரின்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்தோத்திரம் சொன்னாள். விமல் ஏதோ தானே காற்றைச் சுத்தம் பண்ணிய மாதிரி காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். திரையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, தாவீதுக்குப் பொரி வாங்கக் கேண்டீனுக்குப் போனாள்.

சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், வெல்டிங் மிஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு தாம்பாளம். ஆலையின் மொத்த மீட்டர்களும் அதில் குங்குமத்தோடு குவிந்து கிடந்தன.

மேலே இருந்த மீட்டரில் தாவீதின் பெயர், அவள் கையால் எழுதி ஒட்டியது. விளக்கு பச்சையாக எரிந்தது.

ஸ்டோர் கீப்பர் சுப்பராயன் பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

“உங்கூட்டுக்காரருதும் வச்சாச்சும்மா. குழிக்குப் போய்க்கினு இருந்தாரு, நான்தான் கேட்டு வாங்கியாந்தேன். சாமிக்கு இன்னா, ஓரவஞ்சனையா?”