கைவரிசை

“நேத்து திருடு போன ஸ்கூட்டர் இன்னிக்கு உன் பட்டறையில நிக்குது. எப்படி வந்துச்சுன்னு சொல்லலைன்னா, சட்டப்படி நீதான் திருடன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“திருடலை சார். ஆனா கொடுத்தவங்க யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்றான் மெக்கானிக்.

“அப்போ உள்ள போய்க் கம்பி எண்ணு!”

வண்டியை அடையாளம் காட்ட, புகார் கொடுத்த பெரியவர் ஊன்றுகோலோடு பட்டறைக்கு வந்தார். ‘ஓட்டாத வண்டிதானே, தொலையட்டும்’ என்பார்களோ என்று வீட்டில் மூச்சே விடாமல் புகார் கொடுத்திருந்தார்.

வண்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்சக்கரத்தின் இருபுறமும் புதிதாக இரண்டு சின்னச் சக்கரங்கள். சீட்டுக்குப் புது உறை. அவர் வீட்டு ஜன்னல் திரை தைத்ததில் மிஞ்சிய துணி!

“திருடன் யாருன்னு தெரிஞ்சிடுச்சு சார்” என்றார், கண் கலங்க. “இது என் மருமகளோட கைவரிசை. புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்.”

மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஜெயிலுன்னு சொல்லியும் வாயைத் திறக்கலையே, நீ நல்லா இருக்கணும் தம்பி! இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இரு. அவ கொண்டு வந்து காட்டும்போது, நான் இதை முதல் தடவையா பார்க்கணும்.”