நாமக்கோழி கேட்ட படம்

ஏரிக்கரையில் முக்காலிமேல் நின்ற கேமராவிடம் தினமும் காலையில் நாமக்கோழி என்ற கறுப்பு நீர்ப்பறவை ஒன்று வந்து சண்டை பிடிக்கும்.

"முன்னால தூங்குற வாத்து மட்டும் பளிச்சுன்னு விழுது. பின்னால இருக்கற நான் வெறும் கறுப்புத் தீற்றல். நெத்தியில இவ்வளவு வெள்ளையா நாமம் இருந்தும் தெரியல. நீ ஓரவஞ்சனை பண்ற!"

கேட்டுக் கேட்டுக் கேமராவுக்குக் காது புளித்துவிட்டது.

"சரி தாயே, நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். இதுதான் கடைசி. இன்னிக்கு என் கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாக்கறேன். கிட்ட இருக்கறதும் தூரத்துல இருக்கறதும் ஒண்ணுபோலத் தெளிவா விழும். ஆனா வெளிச்சம் கொஞ்சமாத்தான் உள்ள வரும், நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் ஆடாம நில்லு."

"அவ்வளவுதானே!" என்று நாமக்கோழி ஒரு கல்மேல் ஏறிக் கழுத்தை நீட்டி நின்றது.

கேமரா கண்ணை இடுக்கியது.

"விழுந்துட்டேனா?" என்று நாமக்கோழி தலையை ஆட்டியது.

"பேசாதே!"

"வாத்து என்னைவிட நல்லா விழுதா?" என்று எட்டிப் பார்த்தது.

"ஐயோ, ஆடாதேன்னு சொன்னேனே!"

படம் வந்தது. தூங்குகிற வாத்தின் ஒவ்வொரு இறகும், அக்கரைக் கருவேல மரத்தின் முள்ளும், நடுவே கோரைப்புல்லின் நுனியில் உட்கார்ந்திருந்த தட்டானும் அவ்வளவு துல்லியம். நாமக்கோழி நின்ற கல்கூடத் தெளிவாக இருந்தது. அதன்மேல் மட்டும் ஒரு கறுப்புத் தீற்றல்.

நாமக்கோழி படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தது.

"ஓஹோ! இப்போ தட்டானும் உனக்கு வேண்டப்பட்டவனா?"