உறுப்பினர் தகுதி

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இளைஞர் மன்றக் கூட்டம் தொடங்கியது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்பதுதான் ஒரே பேச்சு. விண்ணப்பம் கொடுத்திருந்த தஹ்மீனா மன்றத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"புயல், வெள்ளம்னா ராத்திரி பகல் பாக்காம ஓடணும். பொம்பளைப் புள்ளைங்களால முடியுமா?" என்றார் தலைவர் அன்சார்.

"போன வெள்ளத்துல வீடு வீடா சோத்துப் பொட்டலம் கொடுத்தது நாங்கதானே அண்ணே?" என்றாள் தஹ்மீனா.

"அது வேறம்மா. ஊருக்கு ஒண்ணுன்னா முன்னால வந்து நிக்க ஆம்பளைங்கதான் வேணும்" என்றார் செயலாளர் ஃபஹத்.

வாக்கெடுப்பு நடந்தது. பதினோரு உறுப்பினர்களும் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று கை தூக்கினார்கள்.

"மனசுல வச்சுக்காதம்மா. நாளைக்கு ரத்த தான முகாம் இருக்கு. நாற்காலியெல்லாம் போட்டுட்டு மன்றத்தைப் பூட்டிடு" என்றார் அன்சார்.

"உறுப்பினர் இல்லாதவங்க சாவி வச்சுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே அண்ணே. உங்கள்ல யாரு வந்து வாங்கிக்கிறீங்க?"



தஹ்மீனா மேசைமேல் சாய்த்து வைத்திருந்த செல்போனை எடுத்து, ஆளில்லாமல் கிடந்த மன்றத்தைச் சுற்றிக் காட்டினாள். துபாயில் ஆறு, தோஹாவில் மூன்று, சிங்கப்பூரில் இரண்டு என்று பதினோரு முகங்களும் திரையில் அசையாமல் நின்றன.

"நெட்டு சரியில்லம்மா... நீ பேசுறது கேக்கல" என்றார் அன்சார்.