நாலடிக்கு மூன்றடி

என்ஜினியர் பூங்கோதை அந்த வீட்டுக்கு இரண்டு விதமாகப் பிளான் போட்டிருந்தாள். எதைக் கட்டுவது என்று வீட்டுக்காரர்களே சொல்லட்டும். ஒன்று, அவள் பென்சில் பிடித்து வரைந்தது. மற்றது கம்ப்யூட்டர் போட்டது. மனையின் அளவையும், குடியிருக்கப்போவது கணவனும் மனைவியும் மட்டும்தான் என்பதையும் சொன்னதுமே அது முந்நூறு பிளான்களைக் கொட்டிவிட்டது. முந்நூறிலும் படுக்கையறையை ஒட்டி நாலடிக்கு மூன்றடியில் ஒரு சின்ன அறை, கதவே இல்லாமல். அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். அறை இடம் மாறியதே தவிர, போகவில்லை. மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தபடிதான் தன் பிளானையும் அந்த முந்நூறில் ஒன்றையும் மேஜையில் விரித்தாள்.

வீட்டுக்காரர் இசக்கிமுத்து சிரிக்கவில்லை. "நீங்க கையால வரைஞ்சதையே கட்டிருவோம்மா" என்று அவசரமாக மிஷின் போட்ட தாளைச் சுருட்டப் போனார். முடியவில்லை. அவர் மனைவி குருவம்மாள் அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் விரலை ஊன்றியிருந்தாள். கணவனை ஏறிட்டும் பார்க்காமல், பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோலத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"இதுக்கு ஒரு ஜன்னலாவது வைக்க முடியுமாம்மா?"