நோபிலாவின் சிரிப்பு

நோபிலா தப்சோபாவின் சவப்பெட்டி வாசலுக்கு வந்தபோது நான் குறுக்கே படுத்துக்கொண்டேன்.

நான் நூற்றிருபது கிலோ. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எங்கள் தலைநகர் வாகதூகுவில் அன்று அதைவிடப் பெரிய போக்குவரத்து நெரிசல் இருந்திருக்காது.

"என்னைக் கேட்காம என் அடிமையை எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?"

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிக்கக் கூடாது. செத்தவன் மொஸ்ஸி இனம், நான் சாமோ இனம். இரண்டு சனத்துக்கும் கேலிமுறை. நான் அவனை அடிமை என்பேன், அவன் என்னை அடிமை என்பான். கேட்டவன் சிரித்துத்தான் ஆகவேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனை எங்கள் ஊரில் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சாவு வீட்டில் இன்னும் கண்டிப்பு. முறைக்காரன் செத்தவனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவனைப் போலவே நடித்து, அழுகிற கூட்டத்தை ஒரு தடவையாவது சிரிக்க வைக்க வேண்டும். அப்புறம்தான் பெட்டி நகரும். சிரிக்க வைக்க முடியாமல் வழிவிட்டால் செத்தவனுக்குக் குறை, முறைக்காரனுக்கு வெட்கக்கேடு.

எனக்கா கஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை என் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஓடும்போது திருடர்கள்கூட லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். பத்திரிகையில் நான் எழுதிய பத்தியைப் படித்துச் சிரித்துச் சிரித்து ஒரு பெண்மணிக்கு எட்டாம் மாதமே பிரசவம் ஆகி, பிள்ளைக்குத் தோயே என்று என் பெயரையே வைத்தார்கள். போபோ ஊரில் ஒருவர் பல்செட்டை விழுங்கினார். இதில் பாதியாவது உண்மை.

நோபிலா என் கேமராக்காரன். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, முப்பது வருஷமும் அவனேதான்.

நான் ஒரு ஜோக் சொல்வேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் சிரிப்பான். அடிபம்பில் காற்று ஏறித் தண்ணீர் வருகிற மாதிரி, "ஹா… ஹா… ஹேக்." உடனே அரங்கம் சிரிக்கும். அரங்கம் சிரித்தால் நாடே சிரிக்கும்.

நான் எழுந்து, தலையில் போட்டிருந்த அவனுடைய தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். அவனுடைய சட்டைப் பொத்தான் ஒன்று என் வயிற்றைத் தாங்காமல் தெறித்துப் பாதிரியார் மேல் பட்டது. ஒரு சுரைக்குடுக்கையைக் கேமராவாகத் தோளில் வைத்து, அவனைப் போலவே காலை இழுத்து இழுத்து நடந்தேன்.

"நோபிலா, எழுந்திருடா. வேலைக்கு டிமிக்கி கொடுக்க இதெல்லாம் ஒரு சாக்கா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவன் எடுத்த படத்துல எந்த மந்திரிக்குத் தலை இருந்தது? பக்கத்துல நின்ன ஆட்டுக்குத்தான் இருந்தது. சனமும் ஆட்டையே அடுத்த மந்திரின்னு நினைச்சுச்சு."

ஒருவர் இருமினார். மரியாதைக்கு இருமினார் என்று தெரிந்தது.

இன்னும் சொன்னேன். அவன் சாப்பாட்டை, அவன் மோட்டார் சைக்கிளை, அவன் குறட்டையை எல்லாம் இழுத்தேன். எல்லாம் நாடே சிரித்த சரக்கு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பழக்கத்தில் ஒரு நொடி நிறுத்தினேன். அந்த ஒரு நொடியில் எப்போதும் கேட்கும் சத்தம் பெட்டிக்குள் இருந்தது.

சரி, அந்தச் சிரிப்பையே சிரித்துக் காட்டுவோம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. காலையிலிருந்து வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தும் வராத சிரிப்பு. அவன் நடை வந்தது, இருமல் வந்தது. சிரிப்பு மட்டும் கழுதை கத்துவது போலவும் கதவு கிறீச்சிடுவது போலவும் வந்ததே தவிர, அவனுடையதாக வரவில்லை. அதை எங்கிருந்து எடுத்தான் என்றே பிடிபடவில்லை.

பெட்டியின் முன்பக்கத்தைத் தாங்கியிருந்தவர் தோளை மாற்றிக்கொண்டார். "தோயே அண்ணே, சிரிப்பு முதல்ல வருமா, மழை முதல்ல வருமா? தோள் கழண்டுரும் போலிருக்கு."

மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவரும் சிரிக்காமல்தான் கேட்டார்.

புழுதிக் காற்றில் குடுக்கை தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்போது நோபிலாவின் மனைவி தலாத்தோ எழுந்து வந்தாள். குடுக்கையை எடுத்து, புழுதியைத் தட்டி, என் கையில் கொடுத்தாள். அழுது வீங்கிய முகம்.

"போதும், வழிய விடு, என் அடிமையே. முப்பது வருஷம் உன் ஜோக்குக்குச் சிரிச்சது அந்த மனுஷனோட முறைக் கடன். வீட்டுக்கு வந்ததும் தொண்டைக்கு வெந்நீர் வெச்சுக் குடுத்தவ நான். இன்னைக்குத்தான் அவருக்கு லீவு. படுக்கட்டும் விடு."

கூட்டம் வெடித்தது.

பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். பாதிரியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்கியவர்களின் சிரிப்பில் பெட்டியே குலுங்கியது. முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டாள். என் அரங்கத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

முறை என்றால் முறைதான். நான் சிரிக்க வேண்டும். உடனே, எல்லாருக்கும் கேட்கும்படி.

வாயைத் திறந்தேன். அடிவயிற்றில் சிரிப்பு ஒன்றும் இல்லை. தொண்டையை மட்டும் இறுக்கி, காற்றை உந்தித் தள்ளினேன்.

"ஹா… ஹா… ஹேக்."

கூட்டம் சட்டென்று அடங்கியது.

தலாத்தோ பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.