ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிள்

இதயம் பலவீனமான முத்தரசியை வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். பழைய சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஸ்டாண்டில் பூட்டி மிதிப்பதா, அதை எடைக்குப் போட்டுவிட்டு உடற்பயிற்சி சைக்கிள் வாங்குவதா என்று அவள் குழம்பினாள். ஒரு ஸ்டாண்டை இரவல் வாங்கி, பின்சக்கரத்தை அதன் உருளைமேல் பூட்டிப் பார்த்தாள்.

“உன்னைச் சுமந்துகொண்டு போராட்ட ஊர்வலத்துக்கு முன்னால் போனவன் நான். என்னைக் கட்டிப்போட்டுச் சுற்றச் சொல்கிறாயா?” என்றது சைக்கிள்.

“கோபப்படாதீங்க அண்ணே. இது சரிவரலேன்னா அம்மா உங்களை எடைக்குப் போட்டுடுவாங்க,” என்றது ஸ்டாண்ட்.

“போடட்டும். மானத்தோடு போகிறேன்.”

முத்தரசி ஏறி மிதித்தாள். சைக்கிள் வேண்டுமென்றே உருளைமேல் டயரை வழுக்கவிட்டது. மிதியில் கனமே இல்லை.

“இது ஆகாது, புதுசே வாங்கிக்கிறேன்,” என்று முனகிய முத்தரசிக்கு மூச்சு வாங்கியது. ஹேண்டில்பாரின்மேல் அப்படியே கவிழ்ந்துவிட்டாள். அவள் நெஞ்சு படபடத்தது சைக்கிளின் இரும்புக்குள் கேட்டது. ஊர்வலத்தில் தடியடி நடந்த நாளில்கூட அந்த நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

சற்று ஆசுவாசமானதும், கடைசியாக ஒரு முறை பார்க்கலாமென்று அவள் மெல்ல மிதித்தாள். டயர் உருளையைக் கவ்வியது.

“என்ன அண்ணே, மானம்?” என்றது ஸ்டாண்ட்.

“வாயை மூடு,” என்றது சைக்கிள். “இன்னும் இறுக்கிப் பிடி.”